பதினோராம் வேலிக்கால்

கடைசிப் பலகை உள்ளே போக மறுத்தது. செப்டம்பர் கடைசி ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி, கிள்ளானில் மண்டை பிளக்கும் வெயில். தாமரை பலகையின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா வேலாயுதம் மேலே ஒரு துண்டுக் கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். இருந்த இடம் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர். பலகை நூறு.

"ரெண்டு மில்லி சீவிடலாம்ப்பா."

"எதுக்கு? இறுக்கமா இருந்தாத்தான் அழகு. தட்டினா போகும்."

"மழை வந்தா வீங்கும்."

"அதுக்குத்தான் கேப் விட்டிருக்கேனே. கண்ணு தெரியலியா?"

கேப் விட்டிருந்தார், அதுதான் வேடிக்கை. ஒவ்வொரு வேலிக்காலுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே கால் அங்குலம், பிசகாமல். அதை அளக்கவென்று ஒரு பழைய இரும்புத் தகடு வைத்திருந்தார். முப்பத்தொரு வருடம் தண்டவாள இணைப்புகளில் நுழைத்துப் பார்த்த தகடு. இரும்பு வெயிலில் நீளவாக்கில் நீளும், அதனால் முனையில் இடம் விட வேண்டும். மரம் அப்படி இல்லை. அது நீளத்தில் வளராது, அகலத்தில்தான் வீங்கும். சட்டத்தின் முனையில் இடம் விட்டுவிட்டுப் பலகைகளை ஒன்றோடொன்று நெருக்கி அடித்திருந்தார்.

தாமரை அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சிவில் எஞ்சினியர், சொல்லாமல் இருக்க முடியாது.

"ஆயிரக்கணக்குல சிலிப்பர் கட்டை மாத்தினவன்கிட்ட மரத்தப் பத்திச் சொல்ற," என்றார் அவர்.

சிலிப்பர் கட்டைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. தண்டவாளத்துக்கு அடியில் இரண்டடிக்கு ஒன்றாகத் தனித்தனியே ஜல்லியில் கிடப்பவை. அவை எவ்வளவு வீங்கினாலும் யாருக்கும் தெரியாது. அதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவள் போனில் செய்தி வந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் அவள் பொறுப்பில் இருந்த கட்டட சைட்டுக்குக் கான்கிரீட் லோரி வரவில்லை. அவள் பதில் தட்டிக்கொண்டிருக்கையில் அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பலகையின் பின்பக்கம் எதையோ கிறுக்கினார். அது அவர் வழக்கம். கையில் என்ன இருக்கிறதோ அதில் எழுதுவார். சுவர், கதவு, அரிசி மூட்டை. பிறகு பலகையைத் திருப்பிவைத்து இரண்டு தட்டு தட்டினார். உள்ளே போய்விட்டது.

"பாத்தியா? எஞ்சினியரம்மாவுக்குச் சொல்லு."

அதன்பிறகு இருவரும் சேர்ந்து எந்த வேலையும் செய்யவில்லை. தீபாவளிக்கு வந்தாள், சாப்பிட்டாள், மாலையே பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த தன் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நவம்பர் பதினெட்டாம் தேதி காலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த வேலாயுதம், கானாங்கெளுத்தியின் விலையைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் விழுந்துவிட்டார். இதயம். வயது அறுபத்தெட்டு.

*

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர் வேலாயுதம். அவர் தகப்பனும் ரயில்வே கூலிதான். பத்தொன்பது வயதில் பாதை பழுதுபார்க்கும் கேங்கில் சேர்ந்து முதலில் கட்டை சுமந்தார், பிறகு கீமேன் ஆனார். கீமேனுக்கு ஒரே வேலைதான். காலையில் தன் பங்குப் பாதையில் நடக்க வேண்டும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஆணிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். இறுகியது ஒரு மாதிரி ஒலிக்கும், தளர்ந்தது வேறு மாதிரி ஒலிக்கும். அவர் அதைப் 'பேச்சு' என்பார். இந்தக் கட்டை பேச்சு சரியில்லை. அந்த ஆணி இன்னும் நல்லாப் பேசுது.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. தர்பூசணியைத் தட்டினார், சுவரைத் தட்டினார், தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார். தாமரை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அவளுடைய சைட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கோணலாக மாட்டிக்கொண்டு, அவள் வடிவமைத்த தூணையும் தட்டிப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "பரவால்ல, பேசுது," என்றார். பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தைவிட அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவரிடம் அதைச் சொன்னதில்லை.

பாதையில் மரக்கட்டைகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கட்டைகள் போட்டபோது அவருக்கு வேலையில் பிடிப்பு விட்டுப்போனது. "எல்லாம் ஊமைக் கட்ட," என்று மனைவி இராஜம்மாவிடம் சொல்லிக்கொண்டே ஓய்வு நாள்வரை நடந்தார். அதனால்தான் கிள்ளான் வீட்டின் பழைய கம்பிவேலி துருப்பிடித்துச் சாய்ந்ததும், கான்கிரீட் சுவர் எழுப்பலாம் என்று தாமரை சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மரவேலி. எண்பதடி நீளம், பதினேழு கால்கள், காலுக்கும் காலுக்கும் நடுவே ஒன்றாகப் பதினாறு கட்டங்கள்.

மரம் வாங்கக் காப்பார் சாலையில் இருந்த ஆலைக்கு இருவரும் போனார்கள். ஆலை முதலாளியான தவுக்கே கிள்ளானிலேயே பிறந்த சீனர், தமிழில் வாயாடுவார்.

"அங்கிள், வேலிக்கு மெராந்தி போதும்லா. என்ன, அரண்மனையா கட்டுற?"

"மெராந்தி பேசாது தவுக்கே. காலுக்குச் செங்கால் மரம் எடு. பலகைக்கு பாலாவ். ரெண்டும் காய்ஞ்சதா இருக்கணும்."

பிறகு ஒவ்வொரு பலகையாகத் தூக்கி நிறுத்தித் தட்டினார். இருநூற்றுச் சொச்சம் பலகைகள். மந்தமாக ஒலித்ததை ஒதுக்கினார், கணீரென்றதை எடுத்தார். மணி இரண்டு ஆனது.

"அங்கிள், நீ மரம் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணு பாக்க அர மணி நேரம்தான் ஆச்சு. இவ அம்மாவக் கேட்டுப் பாரு."

தாமரை ஈரமானியை வைத்துப் பார்த்தாள். அவர் எடுத்தவை எல்லாம் பதின்மூன்று சதவீதம். ஒதுக்கியவை இருபதுக்கு மேல். அவர் காதும் அவள் கருவியும் ஒத்துப்போனதில் அவளுக்குப் பெருமை. நன்றாகக் காய்ந்த மரம்தான் மழையில் அதிகம் குடிக்கும் என்பது அந்தப் பெருமையில் மறந்துபோனது.

வேலி முடிந்த மறுநாளிலிருந்து அவருக்கு மறுபடியும் ஒரு பாதை கிடைத்தது. தினமும் ஏழரை மணிக்குச் சுத்தியலோடு வாசற்பக்கத்து முதல் காலில் தொடங்குவார். ஒரு காலைத் தட்டி, நின்று கேட்டு, அடுத்ததற்குப் போவார். பின்பக்கத்துப் பதினேழாவது காலுக்குப் போய்ச்சேர எட்டு நிமிடம். முதல் தட்டு கேட்டதும் இராஜம்மா அடுப்படியில் கொதிநீரை இறக்கி இரண்டு முட்டைகளைப் போட்டு மூடுவாள். பதினேழாவது தட்டு கேட்டதும் எடுப்பாள். அரைவேக்காடு, மிளகுத்தூள், இரண்டு சொட்டு சோயா. ஒருநாளும் தப்பியதில்லை.

தீபாவளியன்று சாப்பிடும்போது அவர் தாமரையிடம் ஒன்று சொன்னார்.

"பதினொன்னோட பேச்சு மாறிடுச்சும்மா. ஒரு வாட்டி தட்டினா ரெண்டு வாட்டி கேக்குது. சாப்பிட்டு வந்து பாரேன்."

"அடுத்த வாட்டி பாக்குறேன்ப்பா."

*

கருமாதி முடிந்த மறுநாள் காலை. இராத்திரி மழை பெய்து ஓய்ந்திருந்தது. தாமரை மேசையருகே உட்கார்ந்து இறப்புப் பத்திரத்தின் நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே 'டக்' என்றது.

இராஜம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கொதிநீரை இறக்கினாள். இரண்டு முட்டைகளைப் போட்டாள். மூடினாள்.

'டக்.' கொஞ்சம் தள்ளி. பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி.

தாமரை நகல்களை மேசையில் வைத்தாள். எழுந்து சன்னலுக்குப் போனாள். வேலியோரம் யாரும் இல்லை. ஈரப் புல் மிதிபடாமல் கிடந்தது. சத்தம் மட்டும் வாசலிலிருந்து பின்கட்டை நோக்கி, நடக்கிற வேகத்தில், நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. பாதி தாண்டியதும் ஒரு இடத்தில் இரண்டு முறை கேட்டது. டக், டக். பிறகு மறுபடியும் ஒவ்வொன்றாக. கடைசிச் சத்தம் பின்கட்டில் அடங்கியது. இராஜம்மா முட்டையை எடுத்தாள். அரைவேக்காடு.

"எத்தன நாளாம்மா இது?"

"அவர எரிச்சிட்டு வந்த மூணாம் நாள்லேருந்து."

"பயமா இல்லியா?"

"அவருதானே," என்றாள் இராஜம்மா. மிளகுத்தூள் டப்பாவைத் தேடினாள்.

தாமரை வெளியே போனாள். வேலிக்கு அந்தப்பக்கம் ராஜினி ஆன்டி பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உமக்கும் கேட்டதோ, பிள்ளை?"

"கேட்டுச்சு ஆன்டி."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொன்னா மனுசிக்கு வயசு போட்டுது எண்டு சிரிப்பினம். உம்மட அப்பா உயிரோட இருக்கேக்கயும் என்னைப் பேப்பர் வாசிக்க விட்டவரில்ல. இப்பவும் விடுறாரில்ல."

தாமரை விடுப்பை நீட்டிக்கொண்டாள். மூன்று நாள் காலையில் காத்திருந்து கவனித்தாள். மூன்றாம் நாள் புரிந்துவிட்டது. கிழக்கே பின்தெருவில் இரண்டு மாடி வீடுகள். ஏழரைக்குச் சூரியன் கூரைக்கு மேலே வரும்போது அவற்றின் நிழல் வேலி நெடுகப் படுத்திருக்கும். வாசற்பக்கத்துக் காலில் முதலில் வெயில் விழும். நிழல் பின்வாங்க வாங்க வெயில் ஒவ்வொரு காலாகப் பின்கட்டை நோக்கி நகரும். இரவு மழையில் வீங்கி நெரிந்து நிற்கும் பலகைகள், வெயில் பட்ட இடத்தில் ஒரு மயிரிழை விலகும். விலகும்போது திருகாணிகளின் பிடியில் 'டக்' என்று சத்தம் வரும். சூரியனின் ஏற்றத்தையும் கூரையின் உயரத்தையும் வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டாள். எண்பதடியைக் கடக்க எட்டு நிமிடம் வந்தது.

மறுபடியும் போட்டாள். எட்டுதான்.

மேகம் மூடிய காலைகளில் சத்தம் இல்லை. "இன்னிக்கி அவருக்கு லீவு," என்று சொல்லிவிட்டு இராஜம்மா ரொட்டி சுட்டாள்.

காரணம் தெரிந்துவிட்டதால் தாமரைக்கு ஒன்றும் குறையவில்லை. நான்காம் நாளும் ஏழரைக்கு முன்பே விழித்துக் கிடந்தாள். விரலை மடக்கி எண்ணினாள். பதினொன்றில் இரண்டு.

அன்று ஒரு தூக்குநூலை எடுத்துக்கொண்டு பதினொன்றாவது காலுக்குப் போனாள். கால் ராஜினி வீட்டுப் பக்கம் பதினெட்டு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. அடியில் புதைத்திருந்த கான்கிரீட் இரண்டாக வெடித்திருந்தது. பழைய சாக்கடை ஓடிய இடம். அங்கே மண் இளக்கம். ஒரு பலகை ஒன்றரை மில்லிமீட்டர் வீங்கினால் ஒரு கட்டத்தின் பதினான்கு பலகைகளுக்கு இருபத்தொன்று. பதினாறு கட்டத்துக்கு ஒரு அடிக்கு மேல். அந்த ஒரு அடி எங்காவது போயாக வேண்டும். பலவீனமான காலைத் தள்ளிக்கொண்டு வெளியே பிதுங்கும். அப்பாவின் காது ஒன்றரை மாதத்துக்கு முன்பே அதைக் கேட்டிருக்கிறது.

அடுத்த வாரம் அளந்தபோது முப்பத்தொன்று. காலுக்கு அந்தப்பக்கம் நேராக ராஜினி ஆன்டியின் பிளாஸ்டிக் நாற்காலி.

"ஆன்டி, கொஞ்ச நாளைக்கு நாற்காலிய அந்தப் பக்கம் போட்டுக்குங்க."

"ஏன்? அப்பா விழுத்திப்போடுவாரோ?"

தாமரை தூக்குநூலைச் சுற்றிக்கொண்டாள்.

அன்றிரவு சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னாள். பலகைகளைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பலகையை எடுத்துவிட்டு மற்ற பதின்மூன்றை ஏழேழு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். பதினொன்றுக்குப் புதிதாகக் குழி தோண்ட வேண்டும். இல்லையென்றால் பெரிய மழை ஒன்றுக்கு வேலி அந்தப்பக்கம் விழும்.

"சரி," என்றாள் இராஜம்மா.

"சத்தம் நின்னுடும்மா."

இராஜம்மா தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சாமி மேடையில் வேலாயுதத்தின் படத்துக்குப் பக்கத்தில் சுத்தியல் இருந்தது. தலையில் குங்குமப் பொட்டு. அவள்தான் வைத்தாள்.

"நீ எஞ்சினியரு. உனக்குத் தெரியும்," என்றாள். "முட்டைய எப்ப எடுக்கறதுன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

"போன்ல அலாரம் வச்சித் தரேன்."

இராஜம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று நாள் ஆனது. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றாள் தாமரை. இராஜம்மா கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பலகை பிடித்தாள். தாமரை திருகாணிகளைக் கழற்றினாள். முதல் கட்டத்தில் நடுப்பலகை கழன்றபோது மற்றவை எல்லாம் ஒருசேரப் பெருமூச்சு விட்டதுபோல் நெகிழ்ந்தன. இராஜம்மா சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. அழுத்தம் விடுது."

"தெரியுது."

சனிக்கிழமை பதினொன்றாவது வேலிக்காலை நிமிர்த்திப் புதுக் கான்கிரீட் ஊற்றினாள். ராஜினி ஆன்டி அந்தப்பக்கமிருந்து முட்டுக்கொடுத்துப் பிடித்தார். அவ்வளவு நேரமும் வேலாயுதத்தைக் குறை சொல்லிக்கொண்டே பிடித்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைசிக் கட்டத்தின் கடைசிப் பலகை. போகும்போது அடம்பிடித்தது, வரும்போதும் அடம்பிடித்தது. கழற்றித் திருப்பினாள். பின்பக்கம் பென்சில் எழுத்து, மழையில் மங்கி, ஆனால் படிக்கும்படி.

தம்புசாமி, ரவாங். அடியில் ஒரு தொலைபேசி எண். அதற்கும் அடியில்: சுத்தியல் திருப்பிக் கொடுக்கணும். வியாழன்.

"தம்புசாமி யாரும்மா?"

"கேங்ல இவரோட வேல செஞ்சவரு. ரெண்டு பேரும் ஜோடியாத்தான் நடப்பாங்க." இராஜம்மா பலகையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். "காரியத்துக்கு அவரு வரலியேன்னு நெனச்சேன். சொவுத்துல தேடினேன், நம்பர் இல்ல."

அப்பாவின் போனில் பெயர்கள் கிடையாது. எண்ணெல்லாம் சுவரிலும் கதவிலும்தான் இருந்தன. பாசாரில் அவர் விழுந்தபோது போனும் விழுந்து செத்துப்போனது. சாவு சேதி சொல்ல உறவினர்கள் சுவர் சுவராக நின்று எண்களைப் படித்தார்கள். வேலிக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை.

"அந்தச் சுத்தியல் அப்பாவோடது இல்லியா?"

"எனக்கென்ன தெரியும்? வேலி போட ஆரம்பிச்சப்ப எங்கிருந்தோ கொண்டாந்தாரு. அதுக்கப்புறம் எங்க விட்டாரு? அதக் கையில எடுத்தா மனுசன் அம்பது வயசு குறைஞ்ச மாதிரி நடப்பாரு."

வேலி முடிந்த செப்டம்பரிலிருந்து அவர் போன நவம்பர் வரைக்கும் ஏழு வியாழக்கிழமைகள். கிள்ளானிலிருந்து ரவாங் ஒரே கொமுட்டர் ரயில், இறங்கி மாற வேண்டியதுகூட இல்லை. தாமரை அந்தப் பலகையை மாட்டவில்லை. மிச்சமான மற்றப் பதினைந்து பலகைகளோடு சேர்க்காமல் தனியே சுவரில் சாய்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை மழை ஓய்ந்திருந்தது. ஏழரைக்கு வெயில் முதல் காலில் விழுந்தது. சத்தம் இல்லை. வேலி நேராக, ஒழுங்காக, வாய் மூடி நின்றது. அடுப்படியில் கொதிநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இராஜம்மா கைக்கொரு முட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். போடவில்லை.

தாமரை சாமி மேடையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நினைத்ததைவிடக் கனம். முதல் காலைத் தட்டினாள். நின்றாள். அடுத்ததற்குப் போனாள். அவருடைய நடை அவளுக்கு வரவில்லை. நான்காவது காலிலேயே வேகம் கூடிவிட்டது, குறைத்துக்கொண்டாள். பதினொன்றில் ஒரு தட்டு தட்டிக் காது கொடுத்தாள். ஒரு முறைதான் கேட்டது. நல்ல பேச்சு. அதைச் சொல்ல ஆளில்லை. பதினேழாவது காலைத் தட்டிவிட்டு அப்படியே நின்றாள். உள்ளே ஓட்டில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அம்மா முட்டை உடைக்கிறாள்.

இடுப்புப் பையில் அப்பாவின் எண் போட்ட போன் இருந்தது. போன வாரம்தான் அதே எண்ணோடு வேறு போன் வாங்கியிருந்தாள், யாராவது கூப்பிட்டால் சொல்வதற்காக. தாமரையின் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. சுவரில் சாய்த்திருந்த பலகையைப் பார்த்து எண்ணை அழுத்தினாள். யார் பெயரில் இந்த அழைப்பு அந்தப்பக்கம் போய் நிற்கும் என்று யோசிக்கவே இல்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"டேய் வேலு." இரைப்பும் சிரிப்பும் கலந்த குரல். "இருக்கியாடா? ஒரு மாசமா போன் போட்டா போகவே மாட்டேங்குது. என் சுத்தியலத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டே ஓடிட்டேன்னு நெனச்சேன்."

தாமரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சுத்தியல் இடது கையில் தொங்கியது.

"என்னடா பேச மாட்டேங்குற? வியாழக்கிழம வரேன், வியாழக்கிழம வரேன்னு சொல்லியே இழுத்தடிக்கிற. எந்த வியாழக்கிழமடா?"